கிரவுண்டைக் கீழே இறக்கினோம்

நான் இப்போது குடியிருக்கும் ஊரில் கால்பந்து மைதானத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். மைதானத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாம். பக்கத்திலுள்ள பொருட்காட்சித் திடலையும் சேர்த்துப் புதுப்பிக்கப் போகிறார்களாம். தடுப்பின்மேல் பெரிய வண்ணப்படம் ஒன்று மாட்டியிருக்கிறது. படத்துக்குள் வெயிலே இல்லை. குடும்பம் குடும்பமாக ஆட்கள் பலூனோடு நடக்கிறார்கள். எல்லாரும் ஒல்லியாக, சிவப்பாக இருக்கிறார்கள். இந்த ஊரில் அப்படி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் காலையில் அந்த வழியாகத்தான் நடக்கிறேன். நடக்கிறேன் என்பது கொஞ்சம் மிகை, அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிறேன் என்பதுதான் நிஜம். வீட்டில் கேட்டால் நாலு ரவுண்டு என்று சொல்லிவிடுவேன். நீங்களும் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

போன வாரம் தடுப்புக்குள்ளே மண் வெட்டும் இயந்திரம் இறங்கியது. தகர இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. மழை விழுந்த மண்ணின் வாசனை இல்லை, அதைத்தான் எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்களே. இது வெயிலே படாத அடிமண் முதல் தடவையாக வெளியே வரும்போது அடிக்கும் வாசனை. கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் இரும்பும் கலந்தது. நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியும். அன்றைக்கு நாலு ரவுண்டு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

நெய்வேலிக்கு நான் வேலைக்குப் போனது எழுபதுகளின் கடைசியில். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவன். முதல் நாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போய் இறங்கினேன். ஸ்டோர்ஸில் என்னைப் பார்த்த எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது செம்மண் புழுதி ஏறி நான் காவி கட்டியிருந்தேன். அதற்குப் பிறகு வெள்ளை வாங்கியதே இல்லை.

அங்கே தெருக்களுக்குப் பதிலாக பிளாக், அதற்கு நம்பர். மதுரைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், நாகர்கோவில்காரர் என்று ஒரே வரிசையில் எல்லா மாவட்டமும் குடியிருக்கும். பொரியல் வாசனையை வைத்தே எந்த வீட்டுக்காரர் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். எல்லாரும் சம்பளத்துக்காக வந்தவர்கள்தான். ஆனால் ஒருவரை அறிமுகப்படுத்தினால் ஊரையும் கேட்க மாட்டார்கள், பெயரையும் கேட்க மாட்டார்கள். “பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?” இதுதான் முதல் கேள்வி. பர்மனென்ட் என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. கான்ட்ராக்ட் என்றால் நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாது. பெரும்பாலும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். முன்பு அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் சுரங்கத்துக்குள் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஏதோ கிடைத்தது, இவர்களுக்குக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது.

எங்கள் கிரவுண்டு பஜாருக்குப் பின்னால் இருந்தது. அழகெல்லாம் ஒன்றும் கிடையாது. கோல் போஸ்ட் சவுக்குக் கழி. புல் என்று சொல்லிக்கொள்ள நாலு மூலையில் கொஞ்சம் முளைத்திருக்கும். ஆனால் லேசான மேட்டுத் தரை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஓடையில் இறங்கிவிடும், சாயங்காலமே பந்தாடலாம். அதை நாங்கள் யாரும் ஒரு நல்ல குணமாக நினைத்ததே இல்லை.

தைப்பூசத்துக்கு வடலூரில் ஜோதி தரிசனம். அந்தக் கூட்டத்தை நம்பி வந்த ராட்டினக்காரர், வளையல்காரர், குறிஞ்சிப்பாடியிலிருந்து லுங்கி மூட்டையோடு வரும் நெசவுக்காரர் எல்லாரும் அங்கே முடிந்ததும் நேரே எங்கள் கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள். கிரவுண்டைச் சுற்றி இருந்த வெட்டவெளியில் கீற்றுக்கொட்டகை போட்டுக் கடை பரப்புவார்கள். மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றும் சத்தம் பிளாக் வரைக்கும் கேட்கும். சுட்ட முந்திரிக்கொட்டையின் புகை கண்ணை எரிக்கும். அதற்கு நடுவில்தான் எங்கள் ஃபுட்பால் போட்டி. பொருட்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

அணிகளுக்குப் பெயர் வைக்கக்கூட எங்களுக்குக் கற்பனை கிடையாது. முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட், ஜெனரல் ஷிஃப்ட், கடைசியாகக் கான்ட்ராக்ட். அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் அணி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஆடும். முதல் பாதி முழுக்கக் கொட்டாவி, இரண்டாம் பாதியில்தான் அவர்களுக்குப் பொழுது விடியும். நான் ஜெனரல் ஷிஃப்டின் மாற்று கோல்கீப்பர். எங்கள் கோல்கீப்பருக்கு ஒரு நாளும் உடம்புக்கு வராததால் என் வேலை எலுமிச்சம்பழம் வெட்டுவதோடு முடிந்தது. நன்றாக வெட்டுவேன்.

ஃபைனல் பார்க்க ஓர் அதிகாரி வருவார். விளையாட்டு வழியாக வேலைக்கு ஆள் எடுப்பவர். எப்போதும் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார் என்பதால் எங்களுக்கு அவர் ‘கண்ணாடி சார்’. அவர் கண்ணில் பட்ட கான்ட்ராக்ட் ஆள் யாராவது ஒருவர் அந்த வருஷம் பர்மனென்ட் ஆகிவிடுவார். சில வருஷம் ஒருவரும் ஆகாமலும் போகும். மற்ற நான்கு அணிகளும் கோப்பைக்கு ஆடின. கான்ட்ராக்ட் அணியில் இருந்தவர்கள் வேறொன்றுக்கு ஆடினார்கள். அந்த வித்தியாசம் ஓட்டத்திலேயே தெரியும்.

அவர்களில் ஒருவன்தான் கலியமூர்த்தி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரித் திரும்ப பெல்ட்டில் போடுகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். கிரவுண்டிலும் கொஞ்சம் குனிந்துதான் ஓடுவான். இடது ஓரத்தில் ஆடும் லெஃப்ட் அவுட். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் கடைக்காரர்கள் எடை போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பூட்ஸ் போட மாட்டான். நான் ஒரு தடவை என் பூட்ஸைக் கொடுத்தேன், எனக்கு அது எதற்கும் உபயோகப்படாததால். போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“வேணாங்க சார். இத்தப் போட்டுக்கினா பந்து எங்க இருக்குனு காலுக்குத் தெரியல.”

அவன் மனைவி அஞ்சலை கிரவுண்டின் ஓரத்தில் முந்திரிக்கொட்டை சுட்டு விற்பாள். கலியமூர்த்தி பந்தோடு அந்தப் பக்கம் வரும்போது மட்டும் எழுந்து நிற்பாள். கத்த மாட்டாள், கை தட்ட மாட்டாள். பந்து அவன் காலைவிட்டுப் போனதும் உட்கார்ந்துவிடுவாள்.

எண்பதுகள் தொடங்கிய சமயத்தில் ஒரு ஃபைனல். முதல் ஷிஃப்டும் கான்ட்ராக்ட்டும். கடைசி நிமிஷத்தில் கலியமூர்த்தி கோல் போட்டான். எப்படிப் போட்டான் என்று கேட்காதீர்கள், நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வேன். மூன்று பேர் அவனைச் சுற்றி நின்றார்கள், பிறகு பந்து வலைக்குள் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் கண்ணாடி சார் கிரவுண்டுக்குள் இறங்கி வந்து அவன் தோளில் கை போட்டார்.

“இந்த வருஷத்துக்கு ஆள் எடுத்தாச்சுப்பா. அடுத்த வருஷம் ஃபைனல்ல இதே மாதிரி ஆடு. நான் ஆளுங்களோட வந்து பாக்கறேன். உன் பேருதான் முதல்ல.”

கலியமூர்த்திக்கு, பர்மனென்ட் ஆவதற்கான வயது வரம்பு அடுத்த வருஷக் கடைசியோடு முடிகிறது. அது அவனுக்குத் தெரியும், அஞ்சலைக்குத் தெரியும், எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முழு வருஷம் கையில் இருந்தது. அன்றைக்கு அஞ்சலை இரண்டு அணிக்காரர்களுக்கும் முந்திரியை வாரி வாரிக் கொடுத்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தக் கோல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. விழுந்த கோலுக்குக் கூட்டம் குதித்ததில், தூங்குமூஞ்சி மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்களோடு கிளை முறிந்தது. ஒருவருக்குக் கை உடைந்தது, பலருக்குச் சிராய்ப்பு. இத்தனை கூட்டம் வருகிற இடத்தில் உட்காரப் படிக்கட்டு இல்லையா என்று பேச்சு கிளம்பியது. டவுன்ஷிப்வாசிகள் சேர்ந்து ஒரு மைதானக் குழு அமைத்தார்கள். கிரவுண்டைப் பெரிதாக்கி, சுற்றிக் கேலரி வைத்து, பொருட்காட்சி நடக்கும் இடத்தையும் நிரந்தரக் கடைகளோடு சீர்படுத்துவது என்று முடிவானது. ஸ்டேடியம் என்ற சொல் முதல்முதலாக எங்கள் வாயில் நுழைந்தது. நுழைந்த பிறகு யாரும் கிரவுண்டு என்று சொல்லவே இல்லை.

குழுவின் செயலாளர் செல்லப்பா அண்ணாச்சி. நாகர்கோவில்காரர். சுரங்கத்தில் போர்மேன். தங்கமான மனிதர். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பார். கேலரியை எப்படிக் கட்டுவது, இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் எங்கே போவது என்று எல்லாரும் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தபோது அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

“கேலரியை மேல தூக்கணும்னு யாரு வே சொன்னது? கிரவுண்டைக் கீழ இறக்குவோம். நடுவுல வெட்டுத மண்ணு சுத்தி ஏறும். அதுல படி வெட்டுனா கேலரி. நாம தெனமும் செய்யுத வேலைதானே?”

நண்பரே, அந்த நிமிஷத்தில் நாங்கள் அடைந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு யோசனை வராது. நாங்கள் தோண்டுகிறவர்கள். பூமிக்கு அடியில் போய், படி படியாகச் சரிவு வெட்டி, அதில் லாரி ஓட்டுகிறவர்கள். எங்களுக்கு ஒரு ஆள் ஆழம் பள்ளம் தோண்டுவது ஒரு வேலையா? எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மைன்ஸ் அவ்வளவு ஆழத்தில் இருந்தும் உள்ளே எல்லாரும் பூட்ஸ் நனையாமல் நடக்கிறோமே, அது எப்படி என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே இரவு பகலாகப் பம்ப் ஓடுகிறது. ஒரு நாள் நிறுத்தினால் போயிற்று. ஆனால் தண்ணீர் இறைப்பது வேறு செக்‌ஷன், வேறு ஷிஃப்ட். மண் வெட்டுகிறவருக்கு அந்தப் பம்ப் சத்தம் காதில் விழுந்து விழுந்து, கேட்காமலே போய்விட்டிருந்தது.

வேலையை நாங்களே செய்தோம். ஷிஃப்ட் முடிந்ததும் அவரவர் மண்வெட்டி, கூடையோடு வந்துவிடுவோம். அதிகாரிகளும் வந்தார்கள், சீருடையைக்கூட மாற்றாமல். வீட்டுப் பெண்கள் மோர் கரைத்துக்கொண்டு வந்தார்கள். திருநெல்வேலிக்காரரும் சேலத்துக்காரரும் ஒரே கூடையைக் கைமாற்றினார்கள். அத்தனை வருஷத்தில் அந்த டவுன்ஷிப் ஒரு ஊராக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். இதை எழுதும்போதும் அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியாததும்.

எல்லாரையும்விட அதிகம் தோண்டியவன் கலியமூர்த்தி. பெல்ட்டுக்கு அடியில் நாளெல்லாம் கரி வாரிவிட்டு வந்து இங்கே மண் வாருவான். ஒரு நாள் நான் சொன்னேன், “ஏம்ப்பா, ஒரு நாளாவது வீட்டுல படுத்து ரெஸ்ட் எடேன்.”

“நான் ஆடப்போற எடமாச்சே சார். வெறுங்காலு. ஒரு கல்லுகூட இருக்கக் கூடாது பாருங்க.”

குனிந்து கையால் தடவித் தடவிக் கல் பொறுக்கினான். அடியில் தரை இன்னும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று செல்லப்பா அண்ணாச்சி நல்ல களிமண்ணாகப் பார்த்துக் கொண்டுவரச் செய்து, பரப்பி, உருளை ஓட்டி இறுக்க வைத்தார். குளம் வெட்டுகிறவன்கூட அடித்தரையை அவ்வளவு அக்கறையாக இறுக்கியிருக்க மாட்டான்.

மறு தை வந்தது. கிரவுண்டு பாதிப் பள்ளமாகக் கிடந்தது. பொருட்காட்சித் திடலில் மரங்களை எடுத்துவிட்டுச் சிமென்ட் தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் பொருட்காட்சியும் கிடையாது, போட்டியும் கிடையாது, சித்திரையில் ஸ்டேடியம் திறப்பு விழாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று குழு அறிவித்தது. அன்றைக்குக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அஞ்சலை வந்தாள். கலியமூர்த்தி வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அவனுக்கு அவள் வந்ததில் விருப்பம் இல்லை என்று தெரிந்தது.

“போட்டிய மட்டும் இஸ்கூல் கிரவுண்டுல வெச்சிடுங்க சார்,” என்றாள்.

செல்லப்பா அண்ணாச்சிக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. “ஏம்மா, ஒம் புருஷன் ஸ்டேடியத்துல ஆடாண்டாமா? ஆயிரம் பேரு உக்காந்து பாக்காண்டாமா? அவனுக்காகத்தாம்மா இவ்வளவும். கண்ணாடி சாருகிட்ட சொல்லியாச்சு. எப்பக் கூப்பிட்டாலும் வாரேன்னுட்டாரு.”

“ஆயிரம் பேரு பாக்க வாணாங்க. அவரு ஒருத்தர் பாத்தாப் போதும். ஸ்டேடியம் எங்கயும் ஓடிப்போவாது. வயசுதான் ஓடிப்போவும்.”

“சித்திரைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? கொஞ்சம் பொறு தாயி.”

அவள் வெளியே நின்ற கணவனைப் பார்த்தாள். அவன், “வா, போவலாம்,” என்றான். “அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. வா.” போகும்போது எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனான்.

சித்திரையில் முடியவில்லை. வெயிலில் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. திரும்பக் கிளறி, நனைத்து, இறுக்க வேண்டியிருந்தது. ஆடியில் நுழைவாயில் வளைவை எந்தப் பக்கம் வைப்பது என்று குழுவில் சண்டை. இரண்டு பிளாக்காரர்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். ஆவணியில் கடை வரிசைக்கு வண்ணம் அடித்தார்கள். இதற்கிடையே கலியமூர்த்தி வேலை முடிந்து வந்து, பள்ளத்தில் தரை இறுகிய பகுதியில் தனியாகப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பான். கேலரியில் உட்கார்ந்து பார்ப்பவன் பெரும்பாலும் நான் ஒருவன்தான். ஒரு தடவை எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டு போனேன். சிரித்துக்கொண்டே வாங்கிச் சப்பினான். கடைசியில் ஒருவழியாகப் புரட்டாசிக் கடைசி ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்கு.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. கடலூர்ப் பக்கம் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னார்கள். விழாவுக்கு முந்தைய வாரம் முழுக்கக் கொட்டியது. வீட்டுக்குள் துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் குடையோடு போய்ப் பார்த்தேன். நாங்கள் வெட்டிய படிகள் வழியாகச் சிவப்புத் தண்ணீர் அழகாக, வரிசையாக இறங்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெளியே போக ஒரு வழியும் இல்லை. நாங்கள் வைக்கவில்லை. செல்லப்பா அண்ணாச்சி மேல் படியில் நனைந்துகொண்டு நின்றார். நான் குடையைப் பிடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பம்ப் கேட்டு ஆள் போனது. மைன்ஸுக்குள்ளேயே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ஒன்றையும் நகர்த்த முடியாது என்று பதில். அது நியாயமான பதில்தான். கிடைத்த தகரடின்னில், வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினோம். ஊற்றின தண்ணீர் சரிவு வழியாகத் திரும்ப உள்ளேயே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, மாலையில் பளீரென்று வெயில் அடித்தது. அது எங்களைக் கேலி செய்த மாதிரி இருந்தது. கூட்டமும் வந்துவிட்டது. வழுக்கும் மண் படியில் துண்டை விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். நடுவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அதில் இரண்டு கோல் போஸ்ட். புது போஸ்ட், இரும்பு, வெள்ளை வண்ணம். கண்ணாடி சார் சொன்ன சொல் மாறாமல் இரண்டு ஆட்களோடு ஜீப்பில் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“சரி, தண்ணி வத்தட்டும். சொல்லி அனுப்புங்க,” என்றார்.

களிமண் பாத்திரத்தில் தண்ணீர் எப்போது வற்றும்? மாசிக்கு முன்னால் வற்றாது. வருஷக் கடைசியோ மார்கழி நடுவிலேயே வந்துவிடும். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அதுவும் சேறு. அவருக்கும் மறுநாள் வேறு ஊரில் வேலை. அவர் ஜீப்புக்குத் திரும்பும்போதுதான் தண்ணீரில் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

கலியமூர்த்தி உள்ளே இறங்கியிருந்தான். கான்ட்ராக்ட் அணியின் மஞ்சள் பனியன். கையில் பந்து. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடுவே போனான். பந்தைப் போட்டான். அது மிதந்தது. காலால் உதைத்தான். தண்ணீர்தான் எழுந்தது, பந்து ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி உதைத்தான். கூட்டம் சிரித்தது. விசில் அடித்தார்கள். அவன் மூன்று பேர் சுற்றி நிற்பதைப் போல இடுப்பை ஒடித்து, இந்தப் பக்கம் காட்டி அந்தப் பக்கம் திரும்பினான். கால் வழுக்கி விழுந்து எழுந்தான். பந்து எங்கே என்று தேடினான். அவன் விளையாடிக் காட்டுகிறான், தமாஷ் செய்யவில்லை என்பது மெதுவாகக் கூட்டத்துக்குப் புரிந்தது. படி படியாகச் சிரிப்பு நின்றது. கடைசியில் அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேலரி முழுக்கக் கேட்டது. பள்ளம் இல்லையா, நன்றாகக் கேட்டது.

“பாருங்க சார்!” என்று கத்தினான். “இங்க பாருங்க சார், பாத்துக்கினே இருங்க! நான் போடறேன்!”

கண்ணாடி சார் நின்றார். கொஞ்ச நேரம் பார்க்கவும் செய்தார். அவர் கெட்டவர் இல்லை. “ஏறி வாப்பா, ஜுரம் வந்துடப் போவுது,” என்றார். ஜீப் கிளம்பியது. அஞ்சலை அந்த நேரம் முழுக்க மேல் படியில் நின்றுகொண்டிருந்தாள். பந்து அவன் காலைவிட்டு எங்கும் போகாததால் அவள் உட்காரவே இல்லை. பிறகு தானும் தண்ணீரில் இறங்கி, அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் எல்லாரும் வழிவிட்டோம்.

வருஷம் முடிந்தது. வயது முடிந்தது. விதியைத் தளர்த்தச் சொல்லிப் பார்த்தோம். அப்படித் தளர்த்த முடியாததற்குத்தான் விதி என்று பெயர். தண்ணீர் மாசி வரைக்கும் நின்றது. எருமைகள் வந்து படுத்தன, ஆகாயத்தாமரை படர்ந்தது. செல்லப்பா அண்ணாச்சி பஜாருக்கு நேர்வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிப் போனார். ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகும் நாளில் ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “மைன்ஸ்ல தண்ணியே இல்லன்னு நெனைச்சுட்டேன் டே. தண்ணி இல்லாம இல்ல. எறைக்க ஆளு இருந்தான்.”

அடுத்த தைக்கு ராட்டினக்காரர் வந்தார். சிமென்ட் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். “இதுல ராட்டினத்துக்கு முளை எங்கங்க அடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ராட்டினம் இல்லாத இடத்துக்கு வளையல்காரர் வரவில்லை. வளையல்காரர் இல்லாத இடத்துக்குப் பெண்கள் வரவில்லை. நிரந்தரக் கடைகளில் சைக்கிள் நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பள்ளத்தை மூடும் வேலை வந்தது. சுற்றியிருந்த கேலரி மண்ணைத் தள்ளி உள்ளே நிரப்பினார்கள். நிரப்பும் வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் ஆட்களில் கலியமூர்த்தியும் இருந்தான். நான் சைக்கிளை நிறுத்தினேன். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கினான். குனிந்தே நடந்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு பந்தைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

நானும் மாற்றலில் வேறு ஊர் போய், அங்கேயே ரிட்டயர் ஆனேன். சில வருஷங்களுக்கு முன் பழைய நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய்வேலி போனேன். கிரவுண்டு இருந்த இடத்தைத் தேடினேன். மரமும் கட்டடமுமாக இருந்தது. இங்கே பொருட்காட்சி நடக்குமே என்று டீக்கடையில் கேட்டதற்கு, இல்லையே, வடலூரில்தானே நடக்கும் என்றார்கள்.

கல்யாண மண்டபத்தில் ஒயரிங் பார்க்க வந்திருந்த ஒருவர், நாற்பதை நெருங்கும் வயது, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பழக்க தோஷம், என் வாய் கேட்டுவிட்டது, பர்மனென்ட்டா என்று. “கான்ட்ராக்ட்டுங்க,” என்றார். ஊர் எது என்றேன். “பழைய ஊரு மைன்ஸ்ல போயிடுச்சிங்க. இப்ப வூடு வடலூர் பக்கம்.” அப்பா பெயர் கலியமூர்த்தி. அம்மா பெயரைக் கேட்டேன். அஞ்சலை. இரண்டு பேருமே இப்போது இல்லை. அம்மா இவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள், அப்பா போய்ச் சில வருஷம்.

நான் சோற்றை விட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஃபைனல், மூன்று பேர், அந்தக் கோல். உங்கள் அப்பா பந்தோடு வந்தால் கடையில் எடை போடுவது நின்றுவிடும் என்றேன். இலையில் கை வைத்தபடி பொறுமையாகக் கேட்டார். வயசானவர்களிடம் பிள்ளைகள் காட்டும் மரியாதையோடு கேட்டார்.

“எங்க அப்பாங்களா? ஃபுட்பாலா?” என்றார். “அவரு எங்களையே ஆட வுடமாட்டாருங்க. வூட்டுல பந்து இருந்தா கத்தி எடுத்துக் கிழிச்சிடுவாரு. இந்தப் பக்கம் கலியமூர்த்தினு நெறைய பேருங்க. நீங்க வேற யாரையோ நெனச்சிக்கினு பேசறீங்க சார்.”

இருக்கலாம் என்று சொன்னேன். அவர் என் இலைக்குப் பாயசம் போடச் சொல்லிவிட்டு, கை கழுவப் போனார்.